29 அடி வண்டியும் ஒரு சதுர மைல் ஊரும்

கலிஃபோர்னியாவில் மான்டரே தீபகற்பத்தின் தென்பக்கம், கடலை நோக்கிச் சரியும் பைன் மரங்களுக்கு நடுவே கார்மெல் பை தி சீ என்ற ஊர் இருக்கிறது. பரப்பு ஒரு சதுர மைலைச் சற்றே தாண்டும். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 3,220 பேர் வசித்தார்கள். 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த என் அப்பா அம்மாவையும் மனைவியையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு, வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமில் (வீட்டு வசதிகளோடு ஓடும் வண்டி) மூன்று இரவுகள் அந்த ஊர்ப் பக்கம் தங்கி வந்தேன். அதன் பிறகு ஃப்ரீமாண்டில் எங்கள் தெருவிலேயே மூன்று குடும்பங்கள் இதே திட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டன. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, நாங்கள் எதை எப்படி முடிவு செய்தோம், எங்கே பிசகியது என்பதை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

மோட்டார்ஹோம் எதற்கு என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். எங்கள் வீட்டில் அது ஆடம்பர ஆசையாக எழவில்லை. அப்பாவுக்கு 76 வயது. சர்க்கரை உண்டு. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை தேவைப்படும். ஹைவே ஓரத்துக் கடைகளில் சாவி கேட்டுக் காத்து நிற்பது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது. வெளியே சொல்லமாட்டார், காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஒருமுறை யோசமிட்டி போனபோது அப்படித்தான் மாலையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கோ மூன்று வேளையும் வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கழிவறையும் அடுப்பும் படுக்கையும் கூடவே வர வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் இந்தப் பயணம் தொடங்கியது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு தேவை இல்லையென்றால், கார்மெலுக்குக் காரில் போய், பக்கத்து ஊர்களான மான்டரேயிலோ மெரினாவிலோ அறை எடுத்துக்கொள்வதே நல்லது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் அந்த ஊர் பெரிய வண்டிகளுக்காகக் கட்டப்பட்டது இல்லை. 1916இல் நகராட்சியான காலத்திலிருந்தே மரங்களுக்கு அங்கே தனி மரியாதை. அனுமதி இல்லாமல் மரத்தை வெட்ட முடியாது. சில தெருக்களில் மரம் நின்ற இடத்தில் அப்படியே நிற்க, சாலைதான் சுற்றிப் போகிறது. குடியிருப்புத் தெருக்களில் நடைபாதையும் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. தலைமுறைகளாக வீட்டு எண் இல்லாமலே வாழ்ந்த ஊர்: இன்ன தெருவுக்கும் இன்ன தெருவுக்கும் நடுவே, கிழக்குப் பக்கம், மூன்றாவது வீடு என்றுதான் முகவரி சொல்வார்கள். கடிதத்தைத் தபால் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமான, குறுகிய குதிகால் செருப்பு அணிய அனுமதிச்சீட்டு வேண்டும் என்று 1963இல் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு நியாயம் உண்டு. மர வேர்கள் தரையைத் தூக்கிவிட்டிருக்கின்றன. யாராவது இடறி விழுந்து நகராட்சிமேல் வழக்குப் போட்டுவிடக் கூடாது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் அந்தச் சட்டத்தை ஒரு எச்சரிக்கைப் பலகையாகவே எடுத்துக்கொள்ளலாம். அம்மாவை ரப்பர் செருப்பை விட்டுவிட்டுக் கட்டும் ஷூ போடச் சொன்னேன். சேலைக்கு ஷூவா என்று தயங்கினாலும் போட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஊருக்குள் மோட்டார்ஹோமை ஓட்டிப் போய், கடற்கரையோரம் நிறுத்தி, அதிலேயே மதியச் சாப்பாடு சாப்பிடலாம் என்பதுதான் என் முதல் கற்பனை. வரைபடத்தோடு இரண்டு மாலைகள் உட்கார்ந்ததில் அது கலைந்தது. கடைத்தெருவில் நிறுத்துமிடங்களுக்கு நேர வரம்பு. வண்டியில் படுத்து உறங்க ஊருக்குள் தடை. ஊர் எல்லைக்குள் மோட்டார்ஹோம் முகாம் ஒன்றுகூட இல்லை. ஆகவே வண்டி ஓர் இடத்தில் நின்றுவிட வேண்டும், ஊருக்குள் நாங்கள் வேறு வழியில் போக வேண்டும். இந்த ஒரு முடிவுக்கு வருவதற்கே எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு மற்றவை எல்லாம் விரைவாக ஒழுங்குக்கு வந்தன.

நாள் குறித்தது

அந்தக் கடலோரத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோடை என்று நம்பிப் போகிறவர்களைப் பனிமூட்டம்தான் வரவேற்கும். செப்டம்பரும் அக்டோபரும்தான் அங்கே உண்மையான வெயில் காலம். ஆகஸ்ட் நடுவில் கார் வாரம்: பக்கத்தில் உள்ள பெபிள் பீச்சில் 1950இல் தொடங்கிய பழங்கால கார் கண்காட்சிக்காக உலகத்துப் பணக்காரர்கள் எல்லாம் வந்து இறங்குவார்கள், அந்தப் பத்து நாட்களில் பக்கத்து ஊர்களில்கூட இடம் கிடைக்காது. குளிர்கால முடிவில் பெபிள் பீச் கோல்ஃப் போட்டி. ஏப்ரல் கடைசி ஞாயிறு, தெற்கே உள்ள பிக் சர் கடலோரத்தின் மாரத்தான். அன்று காலை முழுவதும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் கார்மெல் நதி கரை மீறும். 1995 மார்ச்சில் அந்த நதி நெடுஞ்சாலைப் பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. 2023 ஜனவரியில் கார்மெல் பள்ளத்தாக்கில் நதியோரத்து மக்களை வெளியேறச் சொன்னார்கள். பக்கத்து முகாம்களில் சில அந்த நதிக்கரையில்தான் இருக்கின்றன என்பதால் இதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் செப்டம்பர் 26 வியாழன் முதல் 29 ஞாயிறு வரை என்று முடிவானது. மகளுக்கு இரண்டு நாள் பள்ளி போனது. தாத்தா பாட்டி அக்டோபரில் ஊர் திரும்புகிறார்கள் என்று ஆசிரியருக்கு எழுதினோம்; அவர் ஒரு நாட்குறிப்பு எழுதி வரச் சொல்லி அனுப்பிவைத்தார்.

எங்கே நிறுத்துவது

கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் முகாம் இடத்துக்கான முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். மார்ச் 26 அன்று 7.55க்கே கணினி முன் உட்கார்ந்து, ஃபைஃபர் பிக் சர் பூங்காவில் ரெட்வுட் மரங்களுக்கு அடியில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டேன். அங்கே 32 அடி வரை மோட்டார்ஹோம் அனுமதி. கார்மெலிலிருந்து தெற்கே 26 மைல். கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மே மாதம் அப்பா வந்து இறங்கினார். பெட்டியில் ஒரு புது இயந்திரம் இருந்தது. உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்காகத் திருநெல்வேலி மருத்துவர் கொடுத்த சிபாப் கருவி. இரவு முழுவதும் முகமூடி வழியாகக் காற்று ஊதிக்கொண்டே இருக்கும். அதற்கு விடியும்வரை மின்சாரம் வேண்டும். ஃபைஃபர் பூங்கா இடங்களில் மின் இணைப்பு கிடையாது. மாநிலப் பூங்காக்களில் ஜெனரேட்டரைக் காலை 10 மணியிலிருந்து இரவு 8 மணி வரைதான் ஓட்டலாம். வாடகை வண்டியில் இருக்கும் பேட்டரி 12 வோல்ட். சுவரில் செருகும் கருவியை அதில் ஓட்டத் தனியாக இன்வெர்ட்டர் வேண்டும், நான் விசாரித்த வண்டிகளில் அது இல்லை. 12 வோல்ட்டுக்கான தனி வயர் வாங்கிச் சமாளிக்க வழி உண்டு. ஆனால் அந்தப் பேட்டரி எவ்வளவு பழையது என்று தெரியாமல் அப்பாவின் மூச்சை அதில் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. பூங்கா இடத்தை ரத்து செய்தேன்.

பிறகு தேடியது மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள இடம். மான்டரே நகரத்தின் வெட்டரன்ஸ் மெமோரியல் பூங்கா குன்றின் மேல் அழகாக இருக்கிறது, இணைப்புகள் இல்லை. லகுனா செகா கார்ப் பந்தயத் தளத்தை ஒட்டிய முகாமில் மின்சாரமும் தண்ணீரும் உண்டு, ஆனால் பந்தயம் நடக்கும் வார இறுதி என்றால் நிம்மதி போய்விடும். வடக்கே மெரினாவில் மணல்மேடுகளை ஒட்டித் தனியார் முகாம் உண்டு, கடல் நடந்துபோகும் தூரம். கடைசியில் கார்மெல் பள்ளத்தாக்கில் ஒரு சின்னத் தனியார் முகாமைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று இணைப்பும் இருந்தன, ஊர் கால் மணி நேரத்தில். இன்னொரு காரணம் தட்பவெப்பம். கடற்கரையில் மூட்டம் கவிழ்ந்திருக்கும் அதே நேரத்தில், சில மைல் உள்ளே பள்ளத்தாக்கில் நல்ல வெயில் அடிக்கும். அப்பாவின் மூட்டுவலிக்கு அது மருந்து.

அந்த முகாம் நடத்துபவர் போனில் முதலில் கேட்டது பெயரையோ தேதியையோ இல்லை. “வண்டி எத்தனை அடி?” என்றார். 25 என்றேன். 26 அடி இடம் ஒன்றை நதிப் பக்கமாக ஒதுக்கினார்.

வண்டி வந்த விதம்

நான் பதிவு செய்தது, வேன் முகப்புக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை. ஃபோர்டு லாரி அடிச்சட்டத்தின் மேல் கட்டிய உடம்பு. கலிஃபோர்னியாவில் சாதாரணக் கார் உரிமம் இருந்தாலே 40 அடி வரை மோட்டார்ஹோம் ஓட்டலாம் என்பதால் காகித வேலை எதுவும் இல்லை. வியாழன் பகல் ஒரு மணிக்கு நானும் அப்பாவும் வாடகை நிறுவனத்தின் கிடங்குக்குப் போனோம்.

அப்பா 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். திருநெல்வேலி, தென்காசி, பாபநாசம் என்று அந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் அவருக்கு உள்ளங்கை ரேகை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், ஊழியர் எனக்கு டிவி ரிமோட்டைக் காட்டிக்கொண்டிருக்க, அப்பா முன் பம்பரில் தொடங்கிக் குதிகாலும் நுனிவிரலும் தொடும்படி அடிமேல் அடி வைத்துப் பின்பக்கம் வரை நடந்தார். திரும்பி வந்து, “தம்பி, இது 25 இல்லை. 29 இருக்கும்” என்றார். ஊழியர் காகிதத்தைப் பார்த்தார்: 29 அடி 4 அங்குலம். அதே வாடகைக்குப் பெரிய வண்டியாகத் தந்திருக்கிறோம், உங்களுக்கு லாபம்தானே என்றார். ஒப்பந்தத்தில் ‘இதற்கு இணையானது அல்லது பெரியது’ என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் படித்திருக்கிறேன், படித்தும் அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை. ஓட்டல் அறை பெரிதாகக் கிடைத்தால் லாபம். வண்டி நான்கடி நீண்டால், பிடித்து வைத்த இடத்தில் அது நுழையாது.

அங்கிருந்தே முகாமுக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். நதிப் பக்கத்து இடம் போய்விட்டது, உள்ளே ஓக் மரத்துக்குப் பக்கத்தில் 32 அடி இடம் ஒன்று இருக்கிறது, ஆனால் ரிவர்ஸில்தான் நுழைக்க வேண்டும் என்றார். சரி என்று சொல்வதைத் தவிர வழியில்லை.

அதற்குள் அப்பா கிடங்கின் மூலையில் கிடந்த ஒரு கட்டையை எடுத்துவந்திருந்தார். பின்னால் இரட்டைச் சக்கரம். ஆறு டயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஐந்து டயர்கள் ‘டங்’ என்றன. வலப்பக்கம் உள்ளே இருந்தது மட்டும் ‘தொப்’ என்றது. அளந்து பார்த்தால், 80 இருக்க வேண்டிய இடத்தில் 52 காட்டியது. உள் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை, வெளியிலிருக்கும் டயர் அதை மறைத்துவிடுகிறது. காற்றில்லாமல் நூறு மைல் ஓடினால் சூடாகி வெடிக்கும், வெடித்தால் பக்கத்து டயரையும் கெடுக்கும். ஊழியர் ஒன்றும் பேசாமல் காற்று ஏற்றினார். இதற்கெல்லாம் ஒன்றே கால் மணி நேரம் போனது.

கிளம்பும் முன் வெற்று மைதானம் போல் கிடந்த கிடங்கு முற்றத்தில் அப்பா என்னை இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் பத்தடிக்கு மேல் உடம்பு தொங்குகிறது. “நீ இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூணை வால்தான் இடிக்கும், முகம் இடிக்காது. அதனால் நேரே வெளியே வந்து, வால் தூணைத் தாண்டிய பிறகு ஒடி” என்றார். இங்கே எல்லாமே இட வலம் மாறியிருப்பதால் சொல்லும்போது அவருக்கே இரண்டு முறை தடுமாறியது. கடைசியில் “கடல் பக்கம், மலைப் பக்கம்” என்று சொல்லத் தொடங்கினார். அந்தப் பேச்சு எனக்கும் பிடித்துப்போனது. மூன்று நாளும் அப்படியே பேசினோம்.

சாலை

மனைவி எங்கள் காரில் பின்தொடர்வது என்பதுதான் இந்தத் திட்டத்தின் அச்சாணி. வாடகை வண்டியின் பின்னால் காரைக் கட்டி இழுக்க ஒப்பந்தம் இடம் தராது. காரைத் தனியாக ஓட்டிவருவது வீண் செலவு என்று நண்பர் ஒருவர் வாதாடினார். அந்தக் கார் இல்லாமல் இந்தப் பயணமே இல்லை.

பாதை 101இல் தெற்கே, கில்ராய் பூண்டு வாசனையைத் தாண்டி, ப்ரூன்டேலில் 156க்குப் பிரிந்து, காஸ்ட்ரோவில்லில் ஒன்றாம் எண் சாலையைப் பிடித்து, மான்டரே வழியாகக் கார்மெல் வேலி சாலையில் திரும்புவது. சாண்டா குரூஸ் மலையைக் கடக்கும் 17ஆம் எண் சாலையை யோசிக்கவே இல்லை. காரிலேயே வயிற்றைக் கலக்கும் வளைவுகள். இன்னொரு பொறி இருக்கிறது. சலினாஸ் வழியாகப் போனால் செல்பேசி வழிகாட்டி லாரலிஸ் கிரேடு என்ற குறுக்குச் சாலையில் ஏறச் சொல்லும். அது செங்குத்தான மலை ஏற்றம். நீண்ட வண்டிக்குத் தேவையில்லாத சோதனை. செல்பேசிக்கு வண்டியின் நீளம் தெரியாது. பாதையைத் தாளில் எழுதிக் கண்ணாடியின் கீழே ஒட்டிவைத்தேன்.

தாமதத்தின் விலையை சான் ஹோசேயில் கொடுத்தோம். வீட்டில் சாமான் ஏற்றிக் கிளம்பும்போது நாலேகால். மாலை நெரிசலில் மார்கன் ஹில் வரை ஊர்ந்தோம். நடுவில் அப்பா இரண்டு முறை கழிவறைக்குப் போனார். முதல் முறை நெரிசலில் வண்டி நின்றிருந்தபோதும் நான் பதறினேன். சீட் பெல்ட் கழற்றி எழுந்து நடப்பது ஆபத்து. இரண்டாம் முறை சாலையோரம் ஒதுங்கி நிறுத்தினேன். யாரிடமும் சாவி கேட்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்தவர் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கி நிறையக் குடித்தார். எனக்கு அந்த நொடியிலேயே செலவழித்த பணம் செரித்துவிட்டது.

முகாமை அடைந்தபோது ஏழரை. முழு இருட்டு. அதைத்தான் எந்தக் கையேடும் செய்யாதே என்று சொல்லும்: முதல் நாள், தெரியாத இடத்தில், பெரிய வண்டியை, இருட்டில் ரிவர்ஸ் எடுப்பது. இடப்பக்கம் ஓக் மரம், வலப்பக்கம் மின்கம்பமும் தண்ணீர்க் குழாயும். பின்பக்கக் கேமராவில் சிவப்பு வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அப்பா டார்ச்சோடு இறங்கினார். “கத்தினால் பக்கத்து வண்டிக்காரர்களுக்குத் தொந்தரவு. நான் தட்டுகிறேன். இரண்டு தட்டினால் வா, ஒன்று தட்டினால் நில்” என்றார். நம் ஊர் கண்டக்டர் விசில் கணக்கு. உள்ளே மகள் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருக்க, பக்கவாட்டுத் தகட்டில் அவர் உள்ளங்கை ‘தட் தட்’ என்று விழ, நான் ஓர் அடி, அரை அடி என்று பின்னால் வந்தேன். ‘தட்’. நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தேன், ஓக் மரத்தின் தாழ்ந்த கிளைக்கும் வண்டிக் கூரைக்கும் இடையே ஒரு சாண். வண்டியின் உயரத்தையும் நான் மறந்திருந்தேன், பன்னிரண்டு அடியைத் தொடும். முன்னால் எடுத்து, ஒரு கை அகலம் தள்ளி, மறுபடி வந்தேன். பதினைந்து நிமிடம் ஆனது. பக்கத்து வண்டியிலிருந்து ஒரு முதியவர் வெளியே வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். இருவருக்கும் பொது மொழி இல்லை.

முகாமில் மின்சாரமும் தண்ணீரும்

30 ஆம்பியர் இணைப்பு, 120 வோல்ட். ஆக மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500 வாட் அளவுக்கு இழுக்கும், மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அவ்வளவே. வெள்ளிக்கிழமை மதியம் பள்ளத்தாக்கு வெயிலுக்கு ஏசி ஓட, மைக்ரோவேவில் சோறு சூடாக, அம்மா தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டார், எல்லாம் அணைந்தது. கம்பத்தில் விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டதோடு சரி, கெடுதல் ஒன்றுமில்லை. அதன் பிறகு ஒன்றை அணைத்துவிட்டுத்தான் இன்னொன்று. இரவில் ஏசி தேவைப்படவே இல்லை. சிபாப் கருவி விடியவிடிய ஓடியது.

தாளிப்பை வண்டிக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது. கடுகும் வற்றலும் எண்ணெயில் விழுந்ததும் புகை எச்சரிக்கை மணி அலறிவிடும். வெளியே மேசைமேல் கையடக்க எரிவாயு அடுப்பை வைத்துத் தாளித்துக்கொண்டோம்.

கழிவறை விஷயத்தை வெளிப்படையாகவே எழுதுகிறேன், நம்மவர்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். நாம் தண்ணீர் பயன்படுத்துவதால் தொட்டி சீக்கிரம் நிறையும் என்று பயமுறுத்துவார்கள். நிறையும்தான், ஆனால் மலத்தொட்டிக்குத் தண்ணீர் நல்லது. காகிதமும் கெட்டியும் சேர்ந்து இறுகுவதுதான் கெடுதல். கழிவுநீர் இணைப்பு இருக்கிறதே என்று மலத்தொட்டியின் வால்வை எப்போதும் திறந்து வைப்பது பெரிய தப்பு. நீர் மட்டும் வடிந்துபோய் மற்றது குவிந்துவிடும். மூடியே வைத்து, முக்கால் நிறைந்ததும் ஒரே மூச்சில் திறக்க வேண்டும். அது வடிந்த பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர் தேங்கிய தொட்டியைத் திறந்தால் அந்த வேகத்தில் குழாயும் கழுவப்பட்டுவிடும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் சின்னப் பித்தளைக் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். சில முகாம்களில் வேகம் அதிகம், வண்டிக்குள் குழாய் பிய்ந்துவிடும்.

ஊருக்குள்

வெள்ளி மாலையும் சனி காலையும் காரில் கார்மெலுக்குள் போனோம். ஓஷன் அவென்யூ நேராகக் கடலுக்கு இறங்குகிறது; அடிவாரத்தில் நிறுத்துமிடமும் கழிவறையும் உண்டு. சங்கிலிக்கடை உணவகங்களை ஊர் அனுமதிப்பதில்லை என்பதால் தெரிந்த உணவகப் பெயர்ப்பலகை ஒன்றும் கண்ணில் படாது. 1920களில் ஹியூ காம்ஸ்டாக் கட்டிய, கதைப் புத்தகத்திலிருந்து வந்தது போன்ற குட்டி வீடுகள் முன்னால் மகள் ஒவ்வொன்றாக நின்றாள்.

கடற்கரை வெண்மணல் சரிவு. முதியவர்களால் இறங்க முடியும், ஏறுவதுதான் கஷ்டம். அதற்கு மாற்று மேலேயே இருக்கிறது: சீனிக் சாலையை ஒட்டி, மான்டரே சைப்ரஸ் மரங்களுக்கு அடியில், ஏறக்குறைய சமமான ஒரு நடைவழி, இடையிடையே பெஞ்சுகள். மனைவியின் யோசனை அது. “மாமா, அத்தை, நீங்கள் மேலேயே நடந்து வாருங்கள், நாங்கள் கீழே வருகிறோம்” என்று சொல்லிவிட்டு மகளோடு மணலில் இறங்கினாள். ஒருவரையொருவர் பார்த்தபடியே முக்கால் மைல் நடந்தோம். சூரியன் ஏழு மணியளவில் மறைந்தது. கடல் நீர் வருடம் முழுவதும் சில்லென்றுதான் இருக்கும். கால் நனைத்த மகள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். ஸ்வெட்டர் கட்டாயம்.

1770இல் தொடங்கிய கார்மெல் மிஷன் தேவாலயத்தை அம்மா நெடுநேரம் பார்த்தார். 17 மைல் சாலைக்கு வாயிலில் கட்டணம் கட்டிப் போனோம். பாயின்ட் லோபோஸ் இயற்கைக் காப்பகத்தில் காருக்கே இடம் கிடைப்பது கடினம். சனிக்கிழமை எட்டரைக்குப் போனதால் உள்ளே விட்டார்கள். ‘கடல் ஓநாய்’ என்று ஸ்பானியர்கள் பெயர் வைத்த கடற்சிங்கங்களின் குரைப்பு தூரத்துப் பாறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

சனி மதியம் பிக் சர் பக்கம் அரை நாள், அதுவும் காரில்தான். 1932இல் கட்டி முடித்த பிக்ஸ்பி பாலம் கார்மெலிலிருந்து 13 மைல். அந்த வருடம் மார்ச் கடைசியில் ராக்கி கிரீக் அருகே சாலையின் கடலோரப் பாதி சரிந்து விழுந்திருந்தது. நாங்கள் போனபோது சிக்னல் வைத்து ஒரு பக்க வண்டிகளை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் தெற்கே ரீஜென்ட்ஸ் சரிவில் சாலை முழுக்க மூடியிருந்தது. அந்தக் கடலோரச் சாலைக்கு இது புதிதும் இல்லை, 2017இலும் மலை சரிந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. கிளம்பும் அன்று காலை மாநிலப் போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தைப் பார்க்காமல் யாரும் இறங்க வேண்டாம். ஃபைஃபர் கடற்கரைக்கு இறங்கும் சைகமோர் கேன்யன் சாலையில் மோட்டார்ஹோமுக்கு அனுமதியே கிடையாது. பாலத்தருகே வண்டி ஒதுக்கும் இடத்தில் 29 அடியை எங்கே நிறுத்தியிருப்பேன் என்று பார்த்தேன். இடமே இல்லை.

கணக்கு

வாடகை மூன்று இரவுக்கு 630 டாலர். காப்பீடு 90. மைலுக்கு 40 சென்ட் வீதம் 250 மைலுக்கு 100. பாத்திரம், படுக்கை, சுத்தம் செய்யும் கட்டணம் 150. முகாம் 330. கேலனுக்கு எட்டரை மைல்தான் ஓடியது, பெட்ரோல் 138. கூட்டினால் 1,438 டாலர், எங்கள் காரின் பெட்ரோல் தனி. அதே நாட்களுக்கு மான்டரேயில் சாதாரண மோட்டலில் இரண்டு அறைக்கு எனக்குக் கிடைத்த விலை 1,300 அளவில். சிக்கனம் என்று நினைத்து யாரும் மோட்டார்ஹோமில் ஏற வேண்டாம்.

திரும்பச் செய்வதாக இருந்தால் சிலவற்றை மாற்றுவேன். வண்டியைப் புதன்கிழமையே எடுத்து, முற்றத்தில் பழகிவிட்டு, வியாழன் காலையில் கிளம்பிப் பகல் வெளிச்சத்தில் முகாமை அடைவேன். வண்டியின் அதிகபட்ச நீளத்தை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு, முகாமில் அதைவிட மூன்றடி கூடுதலாகக் கேட்டு வைப்பேன். மூன்று இரவுகளை நான்காக்குவேன். முதல் இரவும் கடைசிக் காலையும் வேலையிலேயே போய்விடுகின்றன.

ஞாயிறு காலை தொட்டிகளைக் காலி செய்து, பெட்ரோல் நிரப்பி, பகல் ஒரு மணிக்குக் கிடங்கில் வண்டியை ஒப்படைத்தேன். ஊழியர் சுற்றி வந்து கீறல் தேடிக்கொண்டிருந்தபோது, அப்பா தன் சட்டைப்பையிலிருந்து டிரிப் ஷீட் எழுதும் பழக்கத்தில் வைத்திருக்கும் சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து வாங்கிப் பார்த்தேன். “26.9.24. 29 அடி 4 அங்குலம், உயரம் 12. வலது பின் உள் டயர் காற்று 52, ஏற்றப்பட்டது. இரவு ரிவர்ஸ், மலைப் பக்கம் கிளை. 29.9.24 ஒப்படைப்பு. மொத்தம் 250 மைல். சேதம் இல்லை. தம்பி ஓட்டினான்.”